பெயர் உரிக்கிறவள்

நார்த் பிளாட்டுக்கு மேற்கே, டீசல் பம்புகளுக்குப் பின்னால்
மூன்றாம் எண் கொட்டகை என்னுடையது.
என்னுடையது என்றால், வாடகைக்கு.
லாரிக் கதவில் பெயர் ஒட்டுவேன். ஒட்டியதை உரிப்பேன்.
உரிக்கத்தான் கூலி அதிகம்.
சூட்டுக் காற்றைக் காட்டி, ஓரம் நெம்பி,
எழுத்து எழுத்தாய் இழுக்க வேண்டும்.
பதறினால் பெயின்ட்டும் கூடவே வந்துவிடும்.

இன்று வெர்லின் ஹோஸ்டெட்லர்.
பதினோரு வருஷத்துக்கு முன் நான் ஒட்டியதுதான்:
'ஹோஸ்டெட்லரும் மகளும்.'
மகளுக்கு அன்று நாலு வயது.
பசைத்தாளின் மிச்சத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு
கொட்டகை முழுக்க ஓடினாள்.

இப்போது பெரிய கம்பெனிக்கு லாரியை ஒப்பந்தத்தில் விடுகிறார்.
லாரி அவருடையதுதான்.
தவணையும் அவருடையது.
டயர் வெடித்தால் அவருடைய டயர்.
கதவு மட்டும் அவர்களுடையது.

நூற்றுக்கு எழுபத்திரண்டு அவருக்கு.
மிச்சத்துக்கு டிரெய்லர், இன்சூரன்ஸ், டீசலில் தள்ளுபடி,
வெள்ளிதோறும் பணம்.
வெள்ளி என்று சொல்லும்போது
நாக்கில் கற்கண்டு கரைகிற மாதிரி சொன்னார்.
ஒமாஹா புரோக்கர் ஒருவன் மூவாயிரத்து நூறு டாலரோடு
போன் எடுப்பதை நிறுத்தி நாலு மாதம்.

"நெவா, நீ சொல். செய்யலாமா, கூடாதா?"

எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள்.
பந்தல் போடுகிறவனிடம் போய்
பெண் எப்படி என்று கேட்பது மாதிரி.

டிராகன் பெட்கோவ்ஸ்கி மார்ச்சில் கையெழுத்துப் போட்டான்.
லோடை மறுக்கலாம் என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது.
மறுத்தான்.
அதன்பின் மூன்று நாள் பார்க்கிங்கில் சும்மா நின்றான்.
அது எந்தப் பக்கத்திலும் இல்லை.
ஒனைடா திபொடோ கம்பெனியை உதறிவிட்டு வந்தாள்,
சிவப்பில் தன் பெயர், கீழே நிழல் விழுகிற எழுத்து,
நான் செய்ததிலேயே அழகானது.
பதினாலு மாதம். லாரியே போய்விட்டது.
கோர்லிஸ் ஆறு வருஷமாய் அவர்களோடு இருக்கிறார்.
கியர்னியில் வீடு வாங்கினார்.
தூக்கம் வருகிறது என்கிறார், அவ்வளவுதான் சொல்கிறார்.

இதையெல்லாம் வெர்லினிடம் சொன்னேனா?
இல்லை. 'ஹோ' உரிந்துகொண்டிருந்தது.

கேபினுக்குள் இருந்து பிரின்லி இறங்கினாள், பதினைந்து வயசு,
கையில் நாற்பத்தொரு பக்கம், மஞ்சள் மார்க்கர்.
"அப்பா, முப்பத்து மூணாம் பக்கம் படிச்சியா?
விலகிப் போனா ஸ்டிக்கரைச் சுரண்டுற செலவு நம்முடையதாம்."

நான் தலை நிமிரவில்லை.
அந்தச் செலவு என் கொட்டகை வாடகை.

வெர்லின் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
வெயில் படாத இடத்தில் பழைய நீலம் அப்படியே இருந்தது;
உரித்த பிறகும் பெயரைப் படிக்க முடிந்தது.
அவர் கட்டை விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார்,
அழுக்கோ என்று.

என்னிடம் இரண்டு வகைத் தாள் இருக்கிறது.
ஒன்று ஏழு வருஷம் தாங்கும்.
இன்னொன்று ஒரு குளிர்காலம் கழிந்தால்
ஓரத்தில் தானாகவே தூக்கிக்கொள்ளும்,
நகத்தால் இழுத்தால் போதும்.
யாரிடமும் நான் இரண்டாவதைச் சொல்வதில்லை.
அதில் எனக்கு என்ன லாபம்?

சொன்னேன்.

வெர்லின் கம்பெனி முத்திரை அச்சான காகிதத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"எந்தத் தாள்னு ஒப்பந்தத்துல இருக்கா?"

பிரின்லி முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.
பம்பில் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
இன்று புதன்.